பச்சைத் தண்ணீரில் ஒரு கோடு

அவளுடைய நாத்தனார் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டால் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க மாட்டாள். தையற்கடைகளிலிருந்து சட்டைகள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். பொத்தான் நுழைகிற துளையை வெட்டி, சுற்றிலும் நூல் கட்டி, எதிர்ப்பக்கம் பொத்தானைத் தைத்துக் கொடுக்க வேண்டும். மிஷின் போட்ட காஜா நாலு சலவைக்குள் பல்லை இளித்துவிடும், கையால் எடுத்தது சட்டை நைந்துபோனாலும் அசையாது என்று நாத்தனாருக்கு ஒரு கர்வம். பாதியில் எழுந்தால் நூலின் இழுப்பு மாறிவிடுமாம். அதனால் வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். தப்பித்தவறிக் குடித்துவிட்டாலும் அடக்கிக்கொள்வாள்.

அடக்கினால் உடம்பு சும்மா விடுமா? அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து சொட்டுச் சொட்டாக எரியும். அதற்கும் டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. தெருமுனை மருந்துக்கடையில், "போன தடவை குடுத்தீங்களே, அதே மஞ்ச மாத்திரை" என்று சொல்லி வாங்கி, எரிச்சல் நிற்கிறவரை விழுங்குவாள். நின்றதும் மிச்ச மாத்திரை பொத்தான் டப்பாவுக்குள் போய்விடும், அடுத்த தடவைக்கு.

"பாதியில நிறுத்தினா கிருமி சாகாது அண்ணி. மருந்துக்குப் பழகிக்கும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி லேபில் வேலை. பழகிப்போன கிருமிகளைத் தினமும் பார்க்கிறவள்.

நாத்தனார் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேருக்கு ஆஸ்பத்திரியில பாக்குற கிருமி பத்தாது. வீட்டுலயும் தேடிக்கிட்டே இருக்கணும்."

அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது அப்படித்தான். ஒருத்தி சுவரிடம் சொல்வாள், இன்னொருத்தி கழுவுகிற பாத்திரத்திடம் சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் அவள் கணவன், நாத்தனாருக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளில் மேலும் கீழும் போய்வந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வேலை. "அக்கா என்ன சொல்றான்னா..." என்று ஒரு பக்கம் போவான். "அவ என்ன சொல்றான்னா..." என்று மறுபக்கம் வருவான். சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. நாத்தனார் கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் தம்பியை ஆளாக்கியவள். அவன் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்த வீட்டில் தன் இடம் எது என்று தெரியவே நாளாயிற்று. தெரிந்தபோது, பேசாமல் இருப்பது இருவருக்கும் பழகிவிட்டிருந்தது.

தூறல் விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் நாத்தனாருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. டப்பா மாத்திரையை விழுங்கிப் பார்த்தாள். கேட்கவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டே ஊசியைப் பிடித்தாள். கை ஆடியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தம்பி கெஞ்சியபோதெல்லாம் மாட்டேன் என்றவள், ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "காஜா கோணிப்போச்சுடா" என்றாள். அவளாகவே எழுந்து செருப்பைத் தேடினாள். அப்போதுதான் தம்பிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

வார்டில் சேர்த்தார்கள். மூத்திரப் பையில் இருந்த கிருமி ரத்தத்துக்கு ஏறியிருக்கும் என்றார்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சத்துநீர் நிரப்பிய பாட்டிலில் விட்டு லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மிஷின் அந்தப் பாட்டிலை அடைகாக்கும். உள்ளே கிருமி வளர்ந்தால் கத்தும். அதுவரை பெரிய ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்குவதாகக் காணோம்.

மறுநாள் காலையில் டியூட்டி டாக்டர் அக்கா தம்பி இருவரையும் தாண்டி அவளைத்தான் பார்த்துப் பேசினாள். சின்னப் பெண். தூங்காத கண்.

"நீங்க லேப்தானே? உங்களுக்கே தெரியும். இப்ப போடுறது நல்ல மருந்துதான். ஆனா அத ஒடைக்கிற ஜீன் அந்தக் கிருமிகிட்ட இருந்துச்சுன்னா, உப்புத் தண்ணி ஏத்துறதும் ஒண்ணு, இத ஏத்துறதும் ஒண்ணு."

"வேற மருந்து இல்லையா டாக்டர்?" என்றான் தம்பி.

"இருக்கு. கடைசி மருந்துன்னு ஒண்ணு. அது கேக்கும். ஆனா கிட்னிய அடிக்கும். ஸ்கேன்ல பாத்தோம், இவங்களுக்கு ஏற்கனவே ஒரு கிட்னி சுருங்கிக் கெடக்கு. நல்லா இருக்கிறது ஒண்ணுதான். அதையும் தூக்கிப் பணயம் வெக்கணும். தேவையில்லாம நான் அதப் போட மாட்டேன். தேவைன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கவும் மாட்டேன்."

"அது எப்பத் தெரியும்?"

"தட்டுல வளத்து, எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பாத்துச் சொல்ல நாளைக்கு மறுநாள் ஆயிடும். அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. கத்தரி டெஸ்ட்டுன்னா பாட்டில் கத்தின கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும்."

டாக்டர் போனதும் நாத்தனார் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலால் ஒரு லாபம், சுவரைத் தேடுகிற தெம்பு இல்லாததால் நேராகவே பேச ஆரம்பித்திருந்தாள்.

"கத்தரின்னு சொன்னாங்களே, அது என்ன?"

அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "ஜீனைத் தேடி வெட்டுற கத்தரி அண்ணி. எந்த ஜீனைத் தேடணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருவாங்க. நாங்க கிருமியோட ஜீனை எடுத்து, பல மடங்கு பெருக்கி, அதுக்கிட்ட விடுவோம். தேடுனது கெடச்சிட்டா அது வெறி புடிச்ச மாதிரி பக்கத்துல இருக்கிறதையெல்லாம் வெட்டும். அது வெட்டிச்சா இல்லையான்னு ஒரு காகிதப் பட்டையில பாப்போம். ஒரு கோடு வந்தா அந்த ஜீன் இல்ல. ரெண்டு வந்தா இருக்கு."

"என் கத்தரிய விடச் சின்னதா?"

"கண்ணுக்கே தெரியாது."

"தெரியாததுக்கு எப்படிச் சாணை புடிப்பீங்க?" என்றாள் நாத்தனார். சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

அவள் கீழே லேபுக்குப் போனாள். லீவு போடச் சொல்லிக் கணவன் கேட்டான். லீவு போட்டால் மாடியில் உட்கார்ந்து சொட்டுகிற மருந்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இருந்தால் பாட்டிலின் பக்கத்திலாவது இருக்கலாம் என்று நினைத்தாள்.

கத்தரி டெஸ்ட்டுக்கு மூன்று அறைகள். முதல் அறையில் மருந்துகளைக் கலக்க வேண்டும். இரண்டாவதில் நோயாளியின் கிருமியை அதில் சேர்த்துச் சூட்டில் வைக்க வேண்டும். மூன்றாவதில்தான் பெருகிய குழாயைத் திறந்து கத்தரியை விடுவதும் பட்டையை நனைப்பதும். போகிற வழி ஒன்றுதான், மூன்றாவதிலிருந்து முதலுக்குத் திரும்பி வரவே கூடாது. பெருகிப்போன ஜீன் அப்படிப்பட்டது. குழாயைத் திறந்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் துணியில், விரலில், மயிரில் ஒட்டிக்கொண்டு வரும். முதல் அறைக்குள் ஒரு துளி வந்துவிட்டால் போதும், இல்லாதவனுக்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிடும். அதனால்தான் முதல் அறைக்கு நீலக் கோட்டு, மூன்றாவதற்கு வெள்ளைக் கோட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக்கூடாத சம்பந்திகள்.

இவ்வளவு செய்தும் நம்பிக்கை இல்லாமல்தான் ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீர் விட்டு, அதற்கும் எல்லாச் சடங்கும் செய்வார்கள். அதை லேபில் பச்சைத் தண்ணி என்பார்கள். அதில் ஜீன் இல்லை, கிருமி இல்லை, ஒன்றுமே இல்லை. அதன் பட்டையில் ஒற்றைக் கோடுதான் வர வேண்டும். அங்கேயும் இரண்டு வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது. முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது, வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே எல்லோருக்கும் லேப் மேடம் போதிக்கிற பாடம். அவள் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவள் மூன்றாவது அறையில் வேறு யாருடைய குழாயையோ திறந்துகொண்டிருந்தபோது ஆமை கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றான். அவளோடு வேலை பார்க்கிறவன். எதையும் நிதானமாகச் செய்வதால் அந்தப் பெயர். அவன் அம்மாவே போனில் அவனை அப்படித்தான் கேட்பாள் என்று லேபில் ஒரு பேச்சு உண்டு.

"அக்கா, உங்க அண்ணி பாட்டில் கத்துது."

அவள் குழாயை மூடி வைத்தாள். "நானே போடுறேன்."

"நீங்க இங்க இருந்திருக்கீங்களே. நான் போடுறேன்க்கா."

"நீ போட்டா பொழுது சாஞ்சிடும்பா. வழிய விடு."

அவன் வழியை விட்டான். அவனுக்கு அவளை எதிர்த்துப் பேசி வழக்கமில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்தாள், கையைக் கழுவினாள், புதுசு மாட்டினாள். கலந்தாள், சேர்த்தாள், சூட்டில் வைத்தாள். கை தானாகவே வேலை செய்தது, மனசு மாடியில் இருந்தது. பெருகுவதற்காகக் காத்திருந்த நேரம் முழுக்க அந்தச் சூட்டுப்பெட்டியின் முன்னாலேயே நின்றாள், பால் பொங்கிவிடுமோ என்று அடுப்படியில் நிற்கிற மாதிரி. அப்புறம் மூன்றாவது அறை. கத்தரியை விட்டு, பட்டைகளை நனைத்து, வரிசையாகப் படுக்கவைத்தாள். ஈரம் மெதுவாக ஏறியது. முதல் கோடு வந்தது. அது எல்லாவற்றுக்கும் வரும். நாத்தனாரின் பட்டையில் இன்னும் கொஞ்சம் மேலே ஒரு மங்கல் தட்டி, செவ்வரியாக மாறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தமான இரண்டாவது கோடாக நின்றது.

இருக்கிறது.

அவள் வெளியே வந்து வார்டுக்குப் போன் போட்டாள். "வந்திருக்கு டாக்டர். ஜீன் இருக்கு." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சரி, மாத்திடுறேன்" என்று டாக்டர் வைத்துவிட்டாள். அவள் சுவரில் சாய்ந்து நின்று கணவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். இருக்கிற ஒரு கிட்னி போனால் வாரத்துக்கு மூன்று தடவை மிஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காஜா ஊசியை விட்டு எழுந்திருக்காதவளை அப்படிக் கட்டிப்போட முடியுமா என்று நினைத்தாள்.

பட்டைகளைக் குப்பையில் போட உள்ளே திரும்பினாள். அப்போதுதான் தண்ணீரின் பட்டையைப் பார்த்தாள்.

அதிலும் இரண்டு. இரண்டாவது மெல்லியது, பென்சிலால் தொட்டும் தொடாமலும் இழுத்த மாதிரி. ஆனால் இருந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். இருந்தது.

"ஆமை! இங்க வா."

அவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "எப்ப பாத்தீங்க?"

"இப்பதான்."

"இப்பவா? நேரம் தாண்டிடுச்சேக்கா. காஞ்ச பட்டையில சும்மாவே ஒரு பேய்க்கோடு வரும்ல, அது மாதிரி இருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். நேரத்துக்குள்ள நான் இதப் பாக்கவே இல்ல."

"அண்ணியோடது நல்லா தடிச்சுத்தானே இருக்கு. இது நூல் மாதிரி..."

"தண்ணியில நூல் என்ன, கயிறு என்ன? செல்லாதுப்பா." சொல்லும்போதே அவள் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். லிஃப்ட்டின் முன்னால் கூட்டம் நின்றது.

வார்டில் நர்ஸ் புது மருந்தைக் கம்பியில் மாட்டிக் குழாயில் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கை தயாராக மல்லாந்து கிடந்தது. கணவன் தலைமாட்டில் நின்று, ஒருவழியாக ஏதோ நடக்கிறதே என்ற நிம்மதியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், ஏத்தாதீங்க! நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் வேறு கட்டிலிலிருந்து வந்தாள். "என்ன ஆச்சு? ஜீன் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அது செல்லாது டாக்டர். தண்ணியிலயும் கோடு வந்திருக்கு."

"தண்ணியப் பாக்காமயா எனக்குப் போன் பண்ணீங்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸைத் தடுக்க நீட்டிய கை இன்னும் அப்படியே நீண்டிருந்தது. அந்தக் கையின் முழங்கை வரை வெள்ளைத் துணி. வெள்ளைக் கோட்டு. மூன்றாவது அறைக் கோட்டைக் கழற்றாமலே முதல் அறைக்குள் போயிருக்கிறாள், கலந்திருக்கிறாள், தண்ணீரைத் தொட்டிருக்கிறாள். கையை மட்டும் ஒழுங்காகக் கழுவிக்கொண்டு.

"கோட்ட மாத்தல நான்" என்றாள் மெதுவாக. "என் மேலதான் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அண்ணியோட குழாயிலயும் அதுவேதான் விழுந்திருக்கலாம். நெஜமாவே இருந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

டாக்டர் கம்பியில் தொங்குகிற மருந்தைப் பார்த்தாள், நோயாளியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவள் நினைத்தாள். திட்டவில்லை. திட்டுகிற தெம்பும் அந்தப் பெண்ணுக்கு இல்லை. "பழைய மருந்தே ஓடட்டும். வேற ஆள விட்டு மறுபடி போடச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. நடுவுல பிரஷர் இறங்கிச்சுன்னா உங்களக் கேக்க மாட்டேன், போட்டுடுவேன்."

லேப் மேடத்துக்குப் போனில் நடந்ததைச் சொன்னாள்.  "நீ கீழ வராத. அறையத் தொடைக்கச் சொல்றேன். புதுப் பாட்டில் மருந்தெடுத்து ஆமை போடட்டும். நீ குளிச்சிட்டு, வீட்டு மனுஷியா அங்கயே உக்காரு" என்றார் மேடம். கோபமில்லாத குரல். அதுதான் உறைத்தது.

நர்ஸ்களின் குளியலறையில் தலையோடு குளித்து, யாரோ கொடுத்த தொளதொள உடையை மாட்டிக்கொண்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். கொஞ்சம் பொறுங்க, வந்துடும் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறாள். கணவன் டீயும் ரொட்டியும் வாங்கிவந்தான். ரொட்டி மழை ஈரத்தில் சவசவ என்றிருந்தது. இருவரும் தொடவில்லை.

"என்னதான் நடக்குது? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றான்.

"ரிப்பேர் பாத்து முடிச்சதும் ஆள ஏத்திடுவீங்களா?"

"எப்படி ஏத்துவேன்? காலி லிஃப்ட்ட மேல கீழ ஓட்டிப் பாத்துட்டுத்தான்."

"அந்தக் காலி லிஃப்ட்தாங்க தண்ணி. அது ஒழுங்கா ஓடுதான்னு பாக்காம நான் ஆள ஏத்திட்டேன்."

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. புரியாமல் இருந்திருந்தால் வந்திருக்காது. "உனக்கு இது தெரியாதா? நீ மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றவதானே?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தெரியும்னுதான் சொல்றேனே. விடுங்க."

"எங்கக்கா உள்ள கெடக்குறா. விடுங்கன்னா?" குரல் உயர்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணித்துக்கொண்டான். "சரி, மருந்தையாவது ஏத்த விட்டிருக்கலாம்ல? அந்தக் கோடு தடிச்சு இருந்துச்சுன்னு நீயே சொல்ற. எதுக்கு ஓடி வந்து நிறுத்தின?"

அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வியைக் குளிக்கும்போது அவளே தன்னைக் கேட்டுப் பார்த்திருந்தாள். முறை என்று சொல்லிவிடலாம். லேபில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். "முறைப்படி நிறுத்தணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அது மட்டும் இல்லீங்க. அந்தக் கோடு பொய்யா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. என் தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், அண்ணிக்கு அந்த மருந்து வேண்டாம்னு. எது முன்னாடி ஓட வெச்சுதுன்னு தெரியல" என்றாள்.

 வெளியே தூறல் ஓட்டுக் கூரையில் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நனைந்த குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் பெஞ்சுக்கடியில் தேங்கியிருந்தது. துடைக்கிற அம்மாள் வந்து துடைத்துவிட்டுப் போனாள், மறுபடி தேங்கியது.

"செத்துப்போயிடுவாளா?" என்றான்.

"தெரியாதுங்க."

"அம்மா போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. சின்னப் பையன். இவ இருந்தா, அதனால தெரியல." மூக்கை உறிஞ்சினான். "அவ உன்கிட்டப் பேசாததுக்கும் நான்தான் காரணம். ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கலாம்னு சேதி சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். நீங்களே பேசித் தொலைங்கன்னு ஒரு நாள் சொல்லியிருக்கணும்."

"இப்பப் பேசுறாங்க."

"காய்ச்சல்ல பேசுறா."

நர்ஸ் கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வேகமாக உள்ளே போனாள். இருவரும் எழுந்து நின்றார்கள். கதவின் கண்ணாடி வழியாக, கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்ப்பதும், கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்குவதும் தெரிந்தது. அவளுக்கு அந்தக் கடைசி மருந்தைத் தானே போய்த் திறந்துவிடலாம் போல இருந்தது. கீழே ஆமை என்ன செய்துகொண்டிருப்பான்? ஒவ்வொரு மூடியையும் துடைத்து, ஒவ்வொரு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையுறையை மறுபடி மறுபடி மாற்றி. அவன் அப்படிச் செய்வதைப் பார்த்து எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறாள். இப்போதும் கடித்தாள். ஆனால் அவன் வேகமாகச் செய்தால் அவளே கீழே போய் அவனை அறைந்திருப்பாள்.

டாக்டர் வெளியே வந்தாள். "கொஞ்சம் இறங்கியிருக்கு. உங்க ஆளு எங்க இருக்காரு?"

ஆமை அப்போதுதான் படி ஏறி வந்துகொண்டிருந்தான். போனில் சொல்லாமல் நேரில் வந்திருந்தான். வழக்கமான நடைதான், அதில் நல்லதா கெட்டதா என்று எதையும் படிக்க முடியவில்லை. முகமும் அப்படித்தான். வந்து நின்றான்.

"தண்ணி சுத்தம்" என்றான். "நேரத்துக்குள்ள பாத்தேன். மேடமும் பாத்தாங்க." அப்புறம் தரையைப் பார்த்தான். "அண்ணிக்கு இருக்குக்கா. ரெண்டு கோடு."

டாக்டர் அதற்குமேல் கேட்க நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள். தொங்கிக்கொண்டிருந்த மருந்தை நர்ஸ் இந்தத் தடவை திறந்துவிட்டாள்.

கணவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "அப்ப மொதல்ல நீ சொன்னதேதான்."

"ஆமா."

"இவ்வளவு நேரம் நின்னது..."

முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெஞ்சில் கிடந்த ரொட்டியை எடுத்து ஆமையிடம் நீட்டினான். "சாப்பிடு தம்பி. நீயும் காலையில இருந்து சாப்பிட்டிருக்க மாட்ட." ஆமை வாங்கிக்கொண்டு, சாப்பிடத் தெரியாதவன் மாதிரி கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் ஒருவரை உள்ளே விட்டார்கள். "நீ போ" என்றான் கணவன். "எனக்கு அவளப் பாத்தா அழுகை வந்துடும்."

நாத்தனார் கண்ணை மூடிக் கிடந்தாள். மூத்திரம் சேர்கிற பிளாஸ்டிக் பையைக் கட்டிலோரம் மாட்டியிருந்தார்கள். அதில் கொஞ்சம்போல, டீ நிறத்தில். மணிக்கு மணி அதை அளப்பார்கள். அதன் அளவு குறையாமல் இருந்தால்தான் கிட்னி பிழைத்தது என்று அர்த்தம். அவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"நீயா?" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமலே.

"ஆமா அண்ணி."

"சத்தம் போட்டியே, நிறுத்து நிறுத்துன்னு. கேட்டுச்சு. அப்புறம் அதையேதான் போட்டாங்க. எதுக்கு நிறுத்தின?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று அறைகளையும் இரண்டு கோட்டுகளையும் காய்ச்சல்காரியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் அண்ணி" என்றாள்.

"என்ன தப்பு?"

"ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணிக்கும் சேத்து டெஸ்ட் போடுவோம். அத மொதல்ல பாக்கணும். அது சரியா இருந்தாத்தான் ஆளோடதப் பாக்கணும். நான் தண்ணியப் பாக்கல. பாக்காமயே டாக்டருக்குச் சொல்லிட்டேன். அதனாலதான் மறுபடி மொதல்ல இருந்து போட வேண்டியதாப் போச்சு. அதுல இவ்வளவு நேரம் போயிடுச்சு. உங்களுக்குப் பிரஷர் வேற இறங்கிடுச்சு."

"தண்ணியப் பாக்காம எதப் பாத்த?"

"உங்களோடதத்தான்."

நாத்தனார் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் சிவந்த கண். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தொளதொள உடையையும் ஈரத் தலையையும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவியா?"

"இல்ல அண்ணி. இத்தன வருஷத்துல ஒருத்தருக்கும் பண்ணதில்ல."

"அப்ப எனக்கு மட்டும் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. வார்டில் வேலை பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். நாத்தனார் ஊசி ஏறியிருந்த கையை அசைக்கப் பயந்து, மற்றக் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடி பலமாகவே இருந்தது, ஊசி பிடித்துப் பழகிய விரல்கள்.

"அந்த மருந்து கிட்னிய அடிக்குமாமே."

"அடிக்கலாம் அண்ணி. அடிக்காமயும் போகலாம்."

"உயிர்?"

"அதுக்குத்தான் அண்ணி போடுறது."

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினாள். தூங்கிவிட்டாள் என்று அவள் நினைத்தபோது முழங்கையை லேசாகத் தள்ளினாள்.

"மொகம் செத்துப்போய்க் கெடக்கு. போ, ஏதாவது சாப்பிட்டுட்டு வா" என்றாள். "நீ வர்ற வரைக்கும் இருப்பேன்."